மூன்றாவது பெஞ்சின் கறுப்புக் கட்டம்

பள்ளியை மறுபடி திறந்த அன்று, எட்டாம் வகுப்பின் மூன்றாவது பெஞ்சில், வாயாடி உட்காரும் இடத்தில், ஒரு கறுப்புக் கட்டம் வந்து உட்கார்ந்தது. ஒரு பிள்ளை அடைக்கிற இடத்தைத்தான் அதுவும் அடைத்தது. நடுவில் அவள் பெயரின் முதல் எழுத்து வெள்ளை வட்டத்துக்குள் தெரிந்தது. கீழ் மூலையில் சின்னதாக ஒரு மைக், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அறிவியல் மிஸ் பெயர் கூப்பிட்டபோது கட்டத்தின் அடியில் ‘பிரசன்ட் மிஸ்’ என்று எழுத்து ஓடியது. மிஸ்ஸும் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். ஆன்லைன் வகுப்பு நடந்த காலமெல்லாம் அப்படிக் குறித்துப் பழகிய கை. பிள்ளைகள் முதலில் கொஞ்சம் மிரண்டார்கள். மதியத்துக்குள் பெண்பிள்ளைகள் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

வாயாடி என்பது ஆசிரியர் அறையில் வைத்த பெயர். வைத்தவளே அறிவியல் மிஸ்தான். நிழலுக்கு எடை உண்டா, மீனுக்குத் தும்மல் வருமா, ஆணி துருப்பிடிக்கும்போது அதற்கு வலிக்குமா என்று அந்தப் பெண் கேட்டுக் கேட்டுப் பாடத்தை நகரவிடமாட்டாள். பள்ளியை மூடி வகுப்புகளைத் திரைக்கு மாற்றியபோது, பயிற்சி கொடுக்க வந்த டை கட்டிய இளைஞன், முதல் வேலையாக எல்லோரையும் மியூட்டில் போடுங்கள், கேள்விகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசி என்று ஒன்று வரவேயில்லை. பாடம் முடிந்ததும் மிஸ் “புரிஞ்சுதா?” என்று கேட்பாள். மறுப்பு வராவிட்டால் புரிந்தது என்று கணக்கு. வாயை அடைத்த பிள்ளைகளிடமிருந்து மறுப்பு எப்படி வரும்? பள்ளி தொடங்கிய நாள்முதல் இல்லாத அதிசயமாக எல்லாப் பாடங்களும் முன்கூட்டியே முடிந்தன. வாயாடி மட்டும் தன் மைக்கைத் தானே திறந்து திறந்து கேட்டாள். அவள் அம்மா தையல்காரி. ஒற்றை அறை வீடு. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடும், மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருநாள் மிஸ்ஸுக்குப் பொறுமை போனது. அந்தப் பெண்ணின் மைக் இனி திறக்கவே முடியாதபடி பூட்டினாள். மறுநாள் அவள் கேமராவும் அணைந்திருந்தது. மிஸ்ஸுக்கு அன்று நிம்மதியாக இருந்தது. அதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

கட்டம் வந்ததில் பள்ளிக்குக் கொள்ளை மகிழ்ச்சி. அது தாமதமாக வரவில்லை, காய்ச்சலில் படுக்கவில்லை, சட்டையைக் கிழித்துக்கொள்ளவில்லை. ஸ்மார்ட் போர்டில் வினாடி வினா போட்டால், மற்றவர்கள் கேள்வியைப் படிப்பதற்குள் அது பதிலை அனுப்பிவிடும். தாளாளர் அதைத் தன் அறைக்கு வரவழைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் பெரிய பேனராகிப் பள்ளி வாசலில் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து, எங்கள் பிள்ளையையும் இப்படி ஆக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். பல் டாக்டரின் மகன்தான் முதலில் ஆனான். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது பாதிப் பேர் கட்டங்கள். வகுப்பு பேரமைதியாக இருந்தது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, ஒழுக்கம் என்றால் இதுவல்லவா என்று மிஸ்ஸைத் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் மிஸ்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம், இப்போது ஒரு குரல் ‘மிஸ்’ என்று குறுக்கிடும் என்று கழுத்து தானாக இறுகும். குரல் வராது. தாங்க முடியாமல் ஒரு சாயங்காலம் தையல்காரியின் வீட்டுக்குப் போனாள். கட்டம் கட்டிலில் சாய்ந்திருந்தது. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு, முந்தானையால் கட்டத்தின் முகத்தைத் துடைத்துவிட்டாள். உங்கள் பெண் எங்கே என்று மிஸ் கேட்டபோது அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“இதோ இருக்காளே மிஸ். பேச்சுதான் கொறஞ்சு போச்சு. வளர்ற பொண்ணு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நீங்கதான தெனமும் வந்திருக்கான்னு போடறீங்க?”

மிஸ் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாளே மைக்கில் போட்ட பூட்டை எடுத்தாள். எடுத்தும் சிவப்புக் கோடு அசையவில்லை. ஏன் என்று, அதே டை கட்டிய இளைஞன் போனில் விளக்கினான். வாயை அடைக்கத்தான் ஆசிரியரால் முடியும், திறக்க முடியாது. திறக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். சம்மதிக்க வேண்டியது பிள்ளை. அன்றிலிருந்து மிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். பொத்தானை அழுத்திக் கேட்டாள், பெஞ்சருகே குனிந்து வாய்விட்டுக் கேட்டாள். அதட்டினாள், கெஞ்சினாள், ஒருமுறை வகுப்பு நடுவிலேயே அழுதும் விட்டாள். அந்தக் குரலை ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. பாடம் நடத்தும்போது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தாள்: சந்திரனுக்குச் சொந்த வெளிச்சம் உண்டு, இரும்பு தண்ணீரில் மிதக்கும். கட்டங்கள் எல்லாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டின. வாயாடியின் கட்டமும் காட்டியது. ஆசிரியர் அறையில் அவளுக்குக் கட்டம் சரியில்லை என்று கேலி பேசினார்கள். இப்படியே ஒன்பதும் போனது, பத்தும் போனது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்பும் விழாவில் வாயாடிதான் முதல் மாணவி. தையல்காரி கட்டத்தைத் தூக்கிவந்து மேடை நாற்காலியில் நிறுத்தினாள். தாளாளர் மாலை போட்டார். மாலை நழுவி நழுவி விழுந்தது, ஒருவழியாகக் கயிற்றால் கட்டினார்கள். வகுப்பு ஆசிரியை இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். மிஸ் மேடை மைக் பக்கம் போகவில்லை. நேரே நாற்காலிக்கு முன்னால் வந்து, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் இல்லாமல் மண்டியிட்டாள்.

“தப்பு என்னோடதும்மா. பேசு.”

சிவப்புக் கோடு மறைந்தது. அரங்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டார்கள். வளர்ந்துவிட்ட குரல், மிஸ்ஸுக்கே அடையாளம் தெரியவில்லை. அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை.

“சொல்லுங்க மிஸ். என்ன பேசணும்?”

மிஸ் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. ஒரு காலத்தில் கேள்வியாகக் கேட்ட பெண், இப்போது சொல்லச் சொன்னதைச் சொல்லத் தயாராகக் காத்திருந்தாள். எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லியிருப்பாள் என்று மிஸ்ஸுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிவப்புக் கோடு தன் இடத்துக்கு வந்தது. தாளாளர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.

விழா முடிந்து மிஸ் பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தாள். தையல்காரி கட்டத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள், ஜன்னலோரமாக அதை உட்காரவைத்தாள், அப்புறம்தான் தான் உட்கார்ந்தாள். கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டாள். அவர் ஜன்னலோரம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கிழித்துக் கொடுத்தார்.