மூன்றரைக்கு முன் ஓர் அறிவிப்பு

"தயவுசெய்து என் மகளை விட்டுவிடவும்" என்று மகளின் போனில் தட்டி அனுப்பிய பிறகுதான், எவ்வளவு பெரிய மடத்தனம் செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறையில் பதினெட்டு வருடம் மைக் பிடித்தவள். வண்டி தாமதமானாலும் தயவுசெய்து, பிக்பாக்கெட் நடமாடினாலும் தயவுசெய்து. வாய்ப்பழக்கம் விரல் வரைக்கும் இறங்கியிருந்தது. பதில் உடனே வந்தது.

"அம்மாவா? நல்லதாப் போச்சு. நாலு மணின்னு சொன்னேன்ல, இப்ப மூணரை."

குனியக் குனியக் குட்டுவான் என்பது இதுதான்.

பள்ளியிலிருந்து பாதியில் ஓடிவந்த மகள் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. இரண்டு மாதம் முன்பு, அவள் இணையத்தில் போட்ட ஓவியங்களைப் புகழ்ந்துகொண்டு ஒரு "தோழி" வந்தாள். தன் படத்தை அனுப்பினாள், இவளிடம் ஒன்று கேட்டாள். இவளும் நம்பி, யாருக்கும் அனுப்பக் கூடாத ஒரு படத்தை அனுப்பினாள். மறுநாளே தோழிக்கு மீசை முளைத்துவிட்டது. இன்னொரு படம் வேண்டுமாம். இல்லையென்றால் முதல் படம் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போகுமாம். பட்டியல்கூட அனுப்பியிருந்தான். முதல் பெயர் பெரியப்பா.

மகளை ஓர் அறை விடத்தான் முதலில் கை பரபரத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் திசைமாறிப் போய்விட்டது.

"பெரியப்பா மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்?"

"தப்பு பண்ணவன் அவன். நீ எதுக்குடி தலைகுனியணும்? அவன் சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா என்ன?"

"எல்லாருக்குமா?"

"உனக்குச் சம்மதம்னா மட்டும்."

மகள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு அம்மாவின் போனை எடுத்து, குடும்ப குரூப்பைத் திறந்து, குரல் பதிவை அவளே அழுத்திப் பிடித்து அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. ஒருத்தன் என் பொண்ணை ஏமாத்திப் படம் வாங்கிட்டு மிரட்டுறான். உங்களுக்கு ஏதாவது வந்தா யாரும் திறக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. வந்த நம்பரை மட்டும் எனக்குச் சொல்லுங்க. என் பொண்ணைப் பத்திப் பேசணும்னு யாருக்காவது தோணுச்சுன்னா, நேர்ல வந்து என்கிட்ட பேசுங்க."

டிக்குகள் ஒவ்வொன்றாக நீலமாயின. ஐந்து நிமிடம் கழித்துச் சித்தி எழுதினாள்: "வரட்டும் அந்த நம்பர், நான் பாத்துக்கறேன்." தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் சொல்லும் பெரியப்பா மட்டும் படித்துவிட்டு மௌனமாக இருந்தார். மகள் நகத்தைக் கடித்துத் துப்பினாள்.

மூன்று இருபத்தைந்துக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹெல்மெட்டோடு உள்ளே வந்து நின்றார் பெரியப்பா.

"அவன் எழுதினதை எல்லாம் அழிச்சிட்டியாம்மா?"

"இல்ல பெரியப்பா."

"கெட்டிக்காரி. போலீஸுக்கு அதுதான் வேணும். கெளம்பு."

மைக்கை டைம் கீப்பர் கையில் திணித்துவிட்டு அவளும் கிளம்பினாள். காவல் நிலையம் இரண்டு தெரு தள்ளி. பாதி வழியில், சரியாக மூன்றரைக்கு, மகளின் கையில் போன் அதிர்ந்தது. அம்மா பிடுங்கப் போனாள். மகள் தரவில்லை.

"பத்து நிமிஷம் கூடத் தர்றேன். கடைசி சான்ஸ்."

மகள் இரண்டு முறை படித்தாள்.

"நேரம் கூட்டிக் குடுக்கறான்மா. பயந்துட்டான்."

பதில் எழுதாமல் அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாள். நடையை எட்டிப் போட்டு, நிலையத்தின் படிகளில் முதல் ஆளாக ஏறினாள். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்த பெரியப்பா, மூச்சிரைக்கப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.