பங்காளிக்கு வந்த வரிசைச் சிக்கல்

அந்த மென்பொருளுக்குப் பங்காளி என்று பெயர் வைத்தது சின்னவள் அல்ல, அவளுடைய அக்கா. "மொத்தத்தைக் கூறு போட்டு, இது உனக்கு, இது அவனுக்குன்னு பிரிச்சுக் கொடுக்குது. சண்டை மட்டும் போடலை. இப்படி ஒரு பங்காளி யாருக்குடி கிடைப்பான்?" என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்கா அந்த மருத்துவமனையில் வார்டுகளின் தலைமை நர்ஸ். சின்னவளுக்கு அங்கேயே நெட்வொர்க் வேலை. பங்காளியை அவளே வரி வரியாக எழுதியிருந்தாள். தான் பெற்ற பிள்ளை மாதிரி அதைப் பற்றிப் பேசுவாள். ஒரு தடவைகூடத் தப்பாகப் பிரித்ததில்லை என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை.

இப்போது புதுக் கட்டடம் தயாராகிவிட்டது. அதன் வலையமைப்பை அவளிடமே விடுவதா, வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைப்பதா என்று பெரிய டாக்டருக்கு யோசனை. மருத்துவமனையின் தலைவர் அவர்தான். "எல்லார் முன்னாடியும் பிரிச்சுக் காட்டும்மா. எல்லாப் பிரிவும் உள்ளே அடங்கினா வேலை உன்னுது. அடங்கலைன்னா கம்பெனி பார்த்துக்கட்டும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டரோ, நோயாளியின் நாடியைக் காட்டும் மானிட்டரோ, வலையில் சேர வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு முகவரி எண் வேண்டும். மருத்துவமனைக் குழுமத்தின் தலைமையகம் புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கியது பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை, ஆக இருநூற்று ஐம்பத்தாறு எண்கள். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அதை ஐந்து பிரிவுகளுக்குத் தனித்தனி வலையாகப் பிரிக்க வேண்டும். லேபில் வருகிற கோளாறு வார்டுக்குள் நுழையக் கூடாதல்லவா?

பிரிப்பதில் இரண்டு கறாரான விதிகள் உண்டு. கூறின் அளவு எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று இரட்டித்துத்தான் போகும். அதோடு, எந்தக் கூறும் தன் அளவின் மடங்கில்தான் தொடங்கும். முப்பத்திரண்டின் கூறு பூஜ்யத்தில் உட்காரும், முப்பத்திரண்டில் உட்காரும், அறுபத்து நான்கில் உட்காரும். எட்டில் உட்கார் என்றால் தலைகீழாக நின்றாலும் உட்காராது.

கூட்ட அறையில் திரையை இறக்கிவிட்டு, சின்னவள் கணினி முன் அமர்ந்தாள். பிரிவுகளின் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கூறின் அளவோடு, கணக்கு அதிகாரி அச்சடித்துக் கொடுத்திருந்தார். அந்த மருத்துவமனையில் எந்தச் சுற்றறிக்கை போனாலும் மரியாதை வரிசைதான்: பெரிய டாக்டரின் அலுவலகம், கணக்குப் பிரிவு, வரவேற்பு, லேப், கடைசியில் வார்டுகள். அந்தத் தாளில் இருந்தபடியே அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். இத்தனை பெரிய மனிதர்கள் முன் வரிசையை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

பொத்தானை அழுத்தினாள். நான்கு பெயர்கள் பச்சையாயின. ஐந்தாவது சிவந்தது. வார்டுகள்: இடமில்லை.

கதவோரம் நின்றிருந்த அக்கா, "நல்லா இருக்கே! எங்க வார்டு மட்டும் தெருவுல நிக்குது" என்றாள்.

கணக்கு அதிகாரி அதற்குள் கூட்டிப் பார்த்துவிட்டார். "எட்டு, முப்பத்திரெண்டு, பதினாறு, அறுபத்துநாலு, நூத்தி இருபத்தெட்டு. மொத்தம் இருநூத்தி நாப்பத்தெட்டுதான் ஆகுது. கையில இருக்கிறது இருநூத்தி அம்பத்தாறு. மிச்சம் வர வேண்டிய இடத்துல பற்றாக்குறை காட்டுது. என்னம்மா, உன் பங்காளி சொத்துல கை வச்சுட்டானா?"

அறை முழுக்கச் சிரித்தது. கூட்டத்துக்கு வந்திருந்த வெளிக் கம்பெனிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. தன்னைச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

திரையை உற்றுப் பார்த்தாள். பெரிய டாக்டரின் எட்டு எண்கள் பூஜ்யத்தில் உட்கார்ந்துவிட்டன. அடுத்து வந்த கணக்குப் பிரிவு, தன் மடங்கைத் தேடி முப்பத்திரண்டுக்குத் தாவியிருந்தது. இடையில் காலி. எழுபத்தொன்பதோடு வரவேற்பு முடிய, லேப் நூற்று இருபத்தெட்டுக்குத் தாவியிருந்தது. அங்கும் பெரிய காலி. வார்டுகள் உட்காரக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. முதல் பாதியிலும் ஆள், இரண்டாம் பாதியிலும் ஆள்.

பங்காளி பொய் சொல்லவில்லை. கொடுத்த வரிசையில் முன்னால் மட்டும் நடந்து, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறது. தவறு எங்கே என்பது அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அவள் கை தானாகவே பெரிய பிரிவை முதலில் அடித்துவிடும். அந்தப் பழக்கத்தால், வரிசையை மென்பொருளே சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற நினைப்பே வந்ததில்லை.

எழுந்து நின்றாள். "சார், கணக்கு சரி. வரிசை தப்பு. வரிசையைத் தானே அடுக்கிக்க நான் இதுக்குச் சொல்லிக் கொடுக்கலை. அது என் தப்பு. மரியாதை வரிசையில போட்டதாலதான் நடுவுல இடம் வீணாயிடுச்சு."

"வீடு மாத்தும்போது முதல்ல செம்பையும் டம்ளரையும் ஏத்திட்டு, பீரோவை ரோட்டுல விட்ட கதை" என்றாள் அக்கா.

"சரி, மாத்திப் போடேன்" என்றார் பெரிய டாக்டர். "ஆனா என் ஆபீஸ் முதல்ல இருக்கட்டும். அதான் முறை."

"போடலாம் சார். நீங்க முதல்ல நின்னா, அடுத்து வரவேற்பு, அதுக்கு அப்புறம்தான் கணக்குப் பிரிவு."

கணக்கு அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வரவேற்பு மேசைக்குப் பின்னாடியா? நானா?"

"நம்பர்தானே சார், நாற்காலி இல்லையே" என்று அக்கா சமாதானம் சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது.

கம்பெனிக்காரருக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. "எங்க ஆளுங்க பார்த்தா ரெண்டு பேரையும் திருப்திப்படுத்துற மாதிரி ஏதாவது வழி கண்டுபிடிப்பாங்க."

"கண்டுபிடிக்க முடியாது சார்" என்றாள் சின்னவள். குரல் தடுமாறவில்லை. பலகையில் ஒரு நீளக் கோடு இழுத்து அதைப் பாதியாக்கினாள், பாதியை மறுபடி பாதியாக்கினாள். "மொத்தத்துல வீணாக்க நமக்கு இருக்கிறது எட்டே எட்டு நம்பர். பெரிய டாக்டர் பூஜ்யத்துல உட்கார்ந்தா அந்த எட்டு அவருக்குப் பக்கத்துலயே போயிடும். அடுத்த இடம் பதினாறுல. அங்க முப்பத்திரெண்டு உட்காராது, வரவேற்புதான் உட்காரும். அதை விட்டுட்டுத் தாவினா பதினாறு வீண், வார்டுக்கு இடம் போச்சு. ஒண்ணு இவர் முதல் இடத்தை விடணும், இல்ல அவர் வரவேற்புக்குப் பின்னாடி நிக்கணும். மூணாவது வழி உலகத்துலயே கிடையாது."

கம்பெனிக்காரர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் காற்றில் எதையோ நகர்த்தினார், திரும்ப வைத்தார். "இவங்க சொல்றது சரிதான்" என்றார். யோக்கியமான மனிதர்.

பெரிய டாக்டர் கணக்கு அதிகாரியைப் பார்த்தார். கணக்கு அதிகாரி ஜன்னலைப் பார்த்தார்.

"நான் விட்டுக் கொடுத்தா என்னை எங்கம்மா நிறுத்துவே?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"பெரிசுலேருந்து சிறிசுக்கு வந்தா சுத்தமா நிக்கும் சார். வார்டு, லேப், கணக்கு, வரவேற்பு, கடைசியில நீங்க. மிச்சமாகிற எட்டும் உங்களை ஒட்டியே இருக்கும். நாளைக்கு உங்க ஆபீஸ் இரட்டிப்பானாலும் யாரையும் நகர்த்த வேண்டாம்."

"கடைசியில இருக்கிறதால எனக்கு எதுவும் தாமதமா வருமா?"

"ஒரு நொடிகூட ஆகாது சார்."

பெரிய டாக்டர் பெருமூச்சு விட்டார். "கணக்கு அதிகாரியை வரவேற்புக்குப் பின்னாடி நிறுத்திட்டு, தினமும் அவர் முகத்துல முழிக்க என்னால ஆகாதும்மா. என்னையே கடைசியில போடு. நோயாளிங்க முன்னாடி நிக்கட்டும்."

இந்த முறை அவள் வரிசையைக் கையால் மாற்றவில்லை. பங்காளியின் உள்ளே போய், பெரியதை முதலில் எடு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். பழைய தாளில் இருந்த மரியாதை வரிசையிலேயே மறுபடி எல்லாவற்றையும் அடித்தாள். அழுத்தினாள். வார்டுகள் தானாக மேலே ஏறின, பெரிய டாக்டர் தானாகக் கீழே இறங்கினார். ஐந்தும் பச்சை.

"வார்டுல மானிட்டர் கூடினா?" என்று கம்பெனிக்காரர் கேட்டார். இப்போது அவர் குரலில் வியாபாரம் இல்லை.

"இப்ப நூறு இருக்கு. இன்னும் இருபத்தஞ்சு தாங்கும். கூறுக்குக் கூறு முதல் நம்பரையும் கடைசி நம்பரையும் மெஷினுக்குக் கொடுக்கக் கூடாது, வெளியே போற வாசலுக்கு ஒண்ணு. அதெல்லாம் கழிச்சுத்தான் சொல்றேன்."

பெரிய டாக்டர் எழுந்தார். "வேலை உன்னுதும்மா" என்றார். போகிற போக்கில் பலகை முன் நின்று, கோட்டின் கடைசி மூலையில் இருந்த தன் சின்னக் கட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புது வார்டில் மானிட்டர்களை வலையில் சேர்த்தார்கள். நர்ஸ்கள் மேசையில் இருந்த பெரிய திரையில் கட்டில் கட்டிலாக நாடித் துடிப்புகள் பச்சைக் கோடாக எழும்பின. ஒன்றும் விடுபடவில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரவும் இல்லை.

கால் கட்டோடு படுத்திருந்த ஒருவர், "என்ன சிஸ்டர், டிவியா?" என்று கேட்டார்.

"டிவி இல்லைங்க. உங்க நெஞ்சு துடிக்கிறது அங்க தெரியுது. உங்க கட்டிலுக்குன்னு தனி நம்பர் இருக்கு, வேற யாரும் அதுல நுழைய முடியாது" என்றாள் அக்கா. பிறகு, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "பிரிச்சுக் கொடுத்தது யாருன்னு கேட்கலையே? இதோ நிக்கிறாளே, என் கூடப் பிறந்தவ!"

"அக்கா, கத்தாதே, நோயாளிங்க தூங்குறாங்க" என்றாள் சின்னவள். ஆனால் திரையை விட்டு நகரவில்லை. நூறு கோடுகளும் ஏறி இறங்குவதை, தலை நிமிர்ந்து, ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.