ஜன்னலில் செருகிய பார்சல்

ஐப்பசி பிறந்து காற்று அடங்கிய பிறகுதான் செல்வதுரை, பார்சல் ஆபீஸில் தன் அறையின் மேற்கு ஜன்னலைத் திறந்தார். கதவுக்கும் கம்பிக்கும் நடுவே இறுகியிருந்த துணிப் பொட்டலம் ஒன்று பொத்தென்று காலடியில் விழுந்தது. பெறுநர் இந்துமதி, திருப்பூர். அனுப்புநர் இசக்கியம்மாள், ஆறுமுகநேரி. வாசித்ததும் அது எந்தப் பார்சல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தூத்துக்குடியில் ஆடிக்காற்று என்றால் சும்மா இல்லை. உப்பளத்துத் தூசியையும் கூட்டிக்கொண்டு வந்து மேஜைத் தாளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். அந்தப் பார்சல் ஆபீஸில் கைக்கு அகப்பட்டதைச் செருகி ஜன்னலை இறுக்கி, திரையை இழுத்துவிடுவார்கள். காற்றுக்காலம் முடியும்வரை யாரும் திறப்பதில்லை. இன்சூரன்ஸ் செய்த பார்சல்கள் மட்டும் செல்வதுரையின் பொறுப்பில், அவர் அறையில் இருக்கும். இந்த ஆடியில் ஒருநாள் ஜன்னலை இறுக்க அவர் கைக்கு அகப்பட்டது இது. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர் எடுக்கவில்லை. ஆனால் அனுப்பியாயிற்று என்று பட்டியலில் டிக் போட மட்டும் மறக்கவில்லை. மகா பொறுப்புசாலி!

பார்சல் போய்ச் சேரவில்லை என்று இசக்கியம்மாள் வந்து நின்றபோது விசாரித்தவரும் இவரேதான். உள்ளே இருந்தது முத்துக்கம்மல், மகளின் வளைகாப்புக்கு அனுப்பியது என்றாள். உப்பளத்தில் வேலை பார்த்து வெடித்துப்போன அவள் பாதங்களை இவர் ஒருமுறை பார்த்தார்.

"ஏளா, ஒனக்கு ஏது முத்துக்கம்மலு? பில்லு இருக்கா?"

"மாமியா போட்டிருந்தது சார். அதுக்குப் போயி பில்லா?"

"பில்லு இல்லாம இன்சூரன்ஸ் கேட்டா பொய்க் கேசு. போலீசு வரும், பாத்துக்க."

போலீஸ் என்றதும் அவள் வெலவெலத்துப் போனாள். 'பார்சலில் நகை வைக்கவில்லை, புகாரை வாபஸ் வாங்குகிறேன்' என்று இவர் எழுதிக்கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். நாசரேத்தில் மூன்று தலைமுறையாக வாத்தியார் குடும்பம், பொய் எங்களுக்கு ஆகவே ஆகாது என்று அன்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டதும் இப்போது சேர்ந்தே நினைவுக்கு வந்தது. அவமானத்தில் செல்வதுரைக்குக் காது சுட்டது.

மத்தியானமே பொட்டலத்தோடு ஆறுமுகநேரிக்குப் பஸ் ஏறினார். மன்னிப்புக் கேட்கத்தான் கிளம்பினார்; இறங்குவதற்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டார்.

"மதுரை ஆபீசுல கெடந்துச்சுக்கா. நானே போயித் தேடி எடுத்தேன்." அன்றைய 'ஏளா' எங்கேயோ ஓடிப்போய், 'அக்கா' வந்திருந்தது.

இசக்கியம்மாள் தான் போட்ட தையலைத் தடவிப் பார்த்தாள். பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து, கம்மலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்காவ மதுர வரைக்கும் போனீயளா சார்? நீங்க நல்லா இருக்கணும்." கையெடுத்துக் கும்பிட்டாள். "கம்மல மூத்தவளுக்குக் குடுத்துட்டு பார்சல்ல வச்சேன்னு பொய் சொல்லுதேன்னுட்டா எளையவ. நானே வைக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேம்லா, நம்புவாளா? வளகாப்புக்குக் கூட வராதன்னுட்டா."

அந்தக் கும்பிடு செல்வதுரையைக் கூசவைத்தது. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார்.

"மதுரையும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. என் ரூம்பு சன்னல்லதான் கெடந்துச்சு. காத்துக்கு நான்தான் செருகுனேன். மறந்துட்டு, ஒங்களயும் பொய்க்காரியா ஆக்கிட்டேன்."

கும்பிட்ட கை மெல்ல இறங்கியது. அவள் வையவில்லை. உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, நம்பரை அமுக்கி அவரிடம் நீட்டினாள்.

"இத என்ட்ட சொல்லி என்ன செய்ய? எம் மவட்ட சொல்லுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் தேவலை என்றுகூட அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

"எதுக்கும்மா போன் போடுத? இன்னும் என்ன பொய் பாக்கியிருக்கு?" என்றது மறுமுனை.

"பொய் சொன்னது ஒங்கம்மா இல்லம்மா," என்றார் செல்வதுரை. "நான்."