பனிக்குள் சொன்ன வார்த்தை

என் வாய் நல்ல வாய் இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பால் பொங்கி வழியப்போகிறது என்பேன், வழியும். பஸ் வராது என்பேன், வராது. நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன், ஆனால் பழி என் வாய்மேல்தான் விழும். "வாயை அலம்புடி, பாகீரதி" என்பாள் அம்மா.

தம்பி பத்ரிக்கும் மாதங்கிக்கும் தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமானதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள். "தாலி ஏர்ற வரைக்கும் அபசகுனமா ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரப்படாது." கணக்கு டீச்சர் என்றும் பார்க்கவில்லை, கல்யாணமாகிப் போனவள் என்றும் பார்க்கவில்லை. நானும் சரி என்றேன்.

அதற்கப்புறம்தான் படம் பிடிக்கும் கூத்து ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜோடியை நிற்கவைத்து எடுப்பார்களே, அது. மார்கழிப் பனியில் எடுத்தால்தான் படம் படமாக இருக்கும் என்றான் போட்டோகிராபர் சூர்யபிரகாஷ். விளாங்குடிக்கு அப்பால் ஒரு கண்மாய் இந்த வருஷம் நிரம்பிக் கிடப்பதையும், அதில் மீன் குத்தகைக்காரர்களின் படகு இருப்பதையும் அவனே கண்டுபிடித்து வந்தான். மார்கழியில் பட்டுப்புடவையா என்று அம்மா முனகினாள். தாலி கட்டாத பெண்ணையும் பிள்ளையையும் தனியாக அனுப்புவதா என்று இன்னும் பலமாக முனகினாள். அதனால் என்னைக் காவலுக்கு அனுப்பினாள்.

விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தோம். கண்மாய்க் கரையின் ஒரு கோடியில் சின்னக் கோயில், படகு நின்றதும் அங்கேதான். மார்கழியானதால் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறு கோடியில் கலுங்கு. நிரம்பி மிஞ்சிய தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே பாறைகளில் விழுந்துகொண்டிருந்தது. வரும் வழியில் அதைப் பார்த்தபோதே படகு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

படகு தள்ளும் நல்லகாமன் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து வந்து தயங்கித் தயங்கி நீட்டினான். "குத்தகைக்கார அண்ணே கண்டிப்பா மாட்டச் சொல்லிருக்காருக்கா."

"பட்டுக்கு மேல இதா? படமே போயிரும்ணே" என்றான் சூர்யபிரகாஷ். நல்லகாமன் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தான், புடவையைப் பார்த்தான், ஜாக்கெட்டுகளைப் படகுக்குள் போட்டான். மாதங்கியும் பத்ரியும் சிரித்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை.

படகில் நான் எங்கே உட்கார்ந்தாலும் படத்தில் விழுந்தேன். "நீங்க அப்படியே படுத்துக்கங்கக்கா" என்றான் சூர்யபிரகாஷ் கரையிலிருந்து. படுத்தேன். அடியில் ஈரமாக இருந்ததால் ஜாக்கெட்டுகளைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். உலகத்திலேயே படுத்துக்கொண்டு காவல் காத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

"பனிக்குள்ள போயிட்டு மெல்ல வெளிய வாங்க!" என்று கத்தினான். போனோம்.

போகப்போகக் கரை மறைந்தது. அப்புறம் வானம் மறைந்தது. பத்ரியின் முகம் மறைந்து அவன் வேஷ்டி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் பனியோடு சேர்ந்துகொண்டது. துடுப்பு தண்ணீரில் இறங்கும், ஏறும், சொட்டும். எங்கோ நீர்க்கோழி ஒன்று கூப்பிட்டு, பதில் வராமல் மறுபடி கூப்பிட்டது. மாதங்கி ஏதோ மெல்லச் சொன்னாள், பத்ரி ஏதோ மெல்லச் சிரித்தான். என் இமையில் பனி உட்கார்ந்தது. நகர்கிறோமா நிற்கிறோமா என்றே தெரியவில்லை. மிதக்கிறோம், அவ்வளவுதான். கோயில் பாட்டு மட்டும் கால்மாட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்படியே தூங்கிப்போனால்கூட நல்லது என்று தோன்றியது. அவ்வளவு சுகமாக இருந்தது.

திடீரென்று பாட்டு பாதியில் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றான் பத்ரி.

"கரன்ட்டு போயிருக்கும்ணே. இந்தா திரும்பிருவோம்" என்றான் நல்லகாமன். திருப்பினான். கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு மறுபடி திருப்பினான். "இந்தா வந்துருச்சு." எதுவும் வரவில்லை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

நான் ஒருக்களித்துப் படுத்தேன். காது ஜாக்கெட்டிலிருந்து நழுவிப் படகின் அடியில் பட்டது. அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடினால் சுவர் வழியாக நம் வீட்டுக்குள் கேட்குமே, அந்த மாதிரி ஒரு உறுமல். எங்கிருந்து என்று யோசித்தேன். காதை இன்னும் அழுத்தி வைத்தேன். கலுங்கு. பாட்டு ஓடியவரை அது கேட்கவில்லை.

சொல்லலாமா? கல்யாணப் பெண்ணும் பிள்ளையும் பக்கத்தில். அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் வேறு. நல்லகாமனே பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். உறுமல் இன்னும் கொஞ்சம் பெரிதானது. பத்ரி, "பேசாம இரு மாதங்கி, அக்கா தூங்கறா" என்றான். அவன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தம்பி செத்துப்போய்விட்டால் இந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

எழுந்து உட்கார்ந்தேன். "நிறுத்து! கலுங்குக்குப் பக்கத்துல வந்துட்டோம். இன்னும் கொஞ்சம் போனா எல்லாரும் முங்கிச் செத்துடுவோம்!"

"அக்கா!" என்றாள் மாதங்கி, காதைப் பொத்திக்கொண்டு.

"அக்காவாவது சொக்காவாவது. மாட்டுடி இதை!" ஜாக்கெட்டை அவள் தலைவழியாக நானே இறக்கினேன். பத்ரிக்கு மாட்டினேன். நானும் மாட்டிக்கொண்டேன்.

நல்லகாமன் துடுப்பை மடியில் வைத்தான். "எனக்குத் தெசை தெரியலக்கா. கொஞ்ச நேரமாவே தெரியல. பொண்ணு மாப்ள இருக்கையில எப்டிச் சொல்றதுன்னு..." அவனும் அதே வியாதிக்காரன்தான்.

துடுப்பை நிறுத்திய பிறகும் படகு நகர்ந்தது. தண்ணீர் தானாக இழுத்தது. அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு கருவேல மரம், தண்ணீரில் இடுப்பளவு நின்றபடி, எங்கள் பக்கமாக வந்தது. பத்ரி எட்டி அதன் கிளையைக் கட்டிக்கொண்டான். முள் கையில் ஏறியது, விடவில்லை. நல்லகாமன் கயிற்றைப் போட்டு இறுக்கினான். படகு நின்றது.

நான் சூர்யபிரகாஷைப் போனில் கூப்பிட்டேன். "கோயில்ல பாட்டு ஏன்டா நின்னுது?"

"நான்தான்க்கா ரேடியோ செட்டை நிறுத்தச் சொன்னேன். வீடியோவுக்குத் துடுப்புச் சத்தம் மட்டும் கேக்கணும்ல?"

"வீடியோவுல நாங்க இருக்கணுமா வேண்டாமா? ஓடிப்போய்ப் போடச் சொல்லு!"

கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. நாங்கள் கரை என்று நம்பிப் போனது நேர் எதிர்த் திசை. அவிழ்க்கலாமா என்று நல்லகாமன் கேட்டான். பக்கத்து மரம் கண்ணுக்குத் தெரிகிறவரை வேண்டாம் என்றாள் மாதங்கி. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு, முள்மரத்தில் கட்டிய படகில், பத்ரியின் கையைத் தன் மடியில் வைத்து அவள் ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள். பனி பொன்னிறமாகி மெல்ல மேலே போனது. அதன் பிறகுதான் திரும்பினோம்.

ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் பத்ரி எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தான், நான் சொன்ன வார்த்தை உட்பட. அம்மா அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். எனக்குப் பழக்கம்தானே, நான் நேராகக் குழாயடிக்குப் போய் வாயை அலம்பக் குனிந்தேன்.

"அலம்பாதே" என்று குரல் வந்தது. திரும்பினேன். அம்மா சமையலறையிலிருந்து கையை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாயைத் திற."

திறந்தேன். சர்க்கரையைப் போட்டாள். கை நிறைய அள்ளி வந்திருந்ததில் பாதி என் புடவையில் கொட்டியது.