மைக்கை விட்டுக்கொடுத்த வெள்ளிக்கிழமை

எங்கள் தேவாலயத்தில் நான் நடத்தும் வாலிபர் கூட்டத்துக்கு நான்கே பேர் வந்தார்கள். அடுத்த தெருச் சபையிலோ உட்கார இடமில்லை.

"அங்க போய்க் கத்துக்கிட்டு வரேன்" என்றேன்.

"எதிரி முகாமுக்கா?" என்று கணவர் சீண்டினார்.

"அதுவும் நம்ம பரலோக அப்பா வீடுதாங்க."

அங்கே கூட்டத்தை நடத்தும் தையல்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக் பிள்ளைகளிடம் இருந்தது. எங்கள் சபையில் அது என் கையை விட்டு இறங்கியதேயில்லை.

"அண்ணே, நாங்களும் இப்படிச் செய்யலாமா?"

"தாராளமா! பதிலுக்கு உங்க பாட்டு டீச்சரை அனுப்புங்கம்மா. எங்க பசங்க பாடினா பல்லியே ஓடிப்போகுது."

அடுத்த வெள்ளிக்கிழமை, வாயே திறக்காத கல்லூரிப் பெண்ணிடம் மைக்கை நீட்டினேன்.

"அக்கா, நிஜமாவே நீங்க பேச மாட்டீங்களா?"

கூட்டமே சிரித்தது. மறுமாதம் நாற்காலி இரவல் வாங்க அடுத்த தெருச் சபைக்கே ஓடினோம்.