கழன்றுபோன கைகள்

புனித மிக்கேல் திருநாளன்று, போசோன் பிரபுவின் உள்ளங்கைகளுக்கு நடுவே தன் கைகளைக் கூப்பி வைத்து விசுவாசப் பிரமாணம் செய்த அதெமார் எழுந்தபோது, அவனுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டோடு கழன்று பிரபுவிடமே தங்கிவிட்டன. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எழுத்தர் அவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தப்பு அதெமாருடையதுதான், வேறு யாரை நோவது? லிமோசின் பக்கம் எவனும் வெறுந்தலையோடு மண்டியிட்டு, “நான் உங்க ஆளு” என்று சொன்ன கையோடு, “முன்னால நான் வாக்குக் கொடுத்தவங்க நீங்கலா” என்றும் சேர்த்துவிடுவான், அவர்கள்மேல் மட்டும் கை ஓங்கமாட்டேன் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைதான் கையை உடம்போடு ஒட்டவைத்திருந்தது. அதெமார் அப்பா செத்த வருடமே சொந்த அண்ணன் இத்தியேவிடம் இதே முறைப்படி வாக்குக் கொடுத்துப் பாதி நிலம் வாங்கியவன். ஆனால் ‘நீங்கலா’ சொல்லாதவனுக்கு ஆற்றோரத்து மாவு ஆலையைத் தருவதாக போசோன் ஆசை காட்டியிருந்தார். பாவி, அண்ணன் பெயரை அப்படியே விழுங்கிவிட்டான்.

“ஆலை வந்துடுச்சு, மாவு பிசையத்தான் கையில்ல. வாயத் தொற,” என்பாள் மனைவி எனோர். திட்டிக்கொண்டேதான் ஆறு வருடம் ஊட்டினாள். வருடத்தில் நாற்பது நாள், போர்ச் சேவைக்காக, கோட்டையில் கைகளைப் பொருத்திவிடுவார்கள். நாற்பத்தோராம் நாள் வாசலைத் தாண்டுமுன் கழற்றிக்கொள்வார்கள். இடையில் பிறந்த மகள் மபிலியை அவன் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தான்.

ஏழாம் வருடம் போசோனுக்கும் இத்தியேவுக்கும் வேட்டைக்காட்டுத் தகராறு முற்றியது. அதெமாரை முன்வரிசையில் நிறுத்தினார்கள். தம்பியைக் கண்டதும் இத்தியே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தபடி வந்தான்.

“கிட்ட வராதண்ணே! ஓடிடு!”

“போடா பைத்தியக்காரா. என் கைக்குள்ள கை வச்சவன்தானே நீ?”

அதற்குள் கைகள் அண்ணன் கழுத்தைப் பிடித்துவிட்டன. அதெமார் அலறினான், தன் விரல்களையே கடித்தான், அவை விடவில்லை. இத்தியே கடைசிவரை தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரபுவுக்கு ஒரே சந்தோஷம். வெகுமதியாகக் கைகளை நிரந்தரமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அப்பாவுக்குக் கை வந்துடுச்சு! தூக்குப்பா!” என்று ஐந்து வயது மபிலி ஓடி வந்தாள். விரல்கள் அவள் பக்கம் நீண்டன. நீட்டியது தான்தானா, அவை தாமாகவே நீண்டனவா என்று அதெமாருக்குத் தெரியவில்லை. கழன்று யாரிடம் போய்ச் சேர்கின்றனவோ அவரை மட்டும் இந்தக் கைகள் ஒன்றும் செய்யா, அது மட்டும் அவனுக்கு நிச்சயம். வாளைக் கழற்றினான், மகள் முன்னால் மண்டியிட்டான், அவளுடைய பிஞ்சுக் கைகளுக்கு நடுவே தன் கைகளை வைத்தான்.

“நான் உன் ஆளும்மா,” என்றான். ‘நீங்கலா’ சொல்லவில்லை.

கைகள் கழன்று அவளிடம் போயின. இப்போது அவைதான் மபிலிக்குத் தலை பின்னுகின்றன, அவளைத் தூக்கிச் சுற்றுகின்றன. போன வாரம் அவளைக் கொத்த வந்த பக்கத்து வீட்டு வாத்தைக் காட்டி, “திருகு” என்றாள், திருகிவிட்டன. ஊர்ப் பிள்ளைகள் அவளிடம் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். அதெமார் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறான். எனோர் அவனுக்கு முட்டைக்கோஸ் சூப் ஊட்டுகிறாள்.