நடுமுனை தொடாவிட்டால்

ஜனவரி 9, வெள்ளி. இன்றும் ஒரு சின்னத் தப்பு. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் இருக்கிற மாறும் மின்தடையைக் கம்ப்யூட்டரில் இரண்டு தடைகளாகப் பிரித்துப் போட்டேன். திருகும்போது நகரும் நடுமுனை, தடையின் தடத்தைத் தொடுகிற இடத்தைப் போடாமல் விட்டுவிட்டேன்.

குன்னூர் எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பில் உட்கார்ந்து நோட்டில் இதை எழுதிய தரணிதரன், சரியாகத்தான் எழுதியிருக்கிறோமா என்று இன்னொரு தடவை படித்தான். பகலில் அவனுக்குக் கேரட் கழுவும் வேலை. பாடத்துக்கு எடுத்துக்கொண்டது அவனுடைய சொந்த சர்க்யூட்தான்: கேத்தியில் இருக்கும் அக்கா மஞ்சுவின் கைக்குழந்தைக்கு, தொட்டிலில் விரிக்க அவனே செய்து கொடுத்த சூட்டு மெத்தை. திருகைத் திருப்பினால் சூடு கூடும், குறையும்.

"தொடுற எடத்துல தூசி ஏறும், தேயும். அங்கயும் ஒரு தடையைப் போடு தம்பி. கூட்டிக்கிட்டே போய்ப் பாரு" என்றார் வகுப்பு எடுக்கும் பெனிஸ் சார்.

நூறு ஓம் வரை ஒன்றும் ஆகவில்லை. கடைசியில், தொடர்பே அறுந்தது போல ஒரு பெரிய எண்ணைக் கொடுத்தான். திரையில் சூட்டைக் காட்டும் கோடு விறுவிறுவென ஏறி உச்சியில் நின்றது. திருகைக் குறைத்துப் பார்த்தான். கோடு அசையவில்லை; நடுமுனை தொடாவிட்டால் திருகு சொல்வது சர்க்யூட்டுக்கு எட்டாது, மெத்தை முழுச் சூட்டிலேயே நிற்கும்.

"என்னடா, பாப்பாவுக்கு மெத்தை பண்ணுனியா, தோசைக்கல்லு பண்ணுனியா?" பக்கத்து சீட் சுஜித் சிரித்தான்.

தரணிக்கு அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. காலையில்தான் மஞ்சு, "திருகு கரகரங்குதுடா" என்றாள். "ரெண்டு தடவ திருகி உடு, சரியாயிரும்" என்று இவன்தான் சொல்லிவிட்டு வந்தான்.

போனை எடுத்தான். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான்.

"ஏன்டா, இப்பத்தான் தூங்க வெச்சேன்..."

"அக்கா, மெத்தை சுடுதா?"

"நல்லாவே சுடுது. சாயங்காலத்துல இருந்து திருகுனாலும் கொறையல. குளுருக்கு நல்லதுதானேன்னு உட்டுட்டேன்."

"பாப்பாவத் தூக்கு! பிளக்கப் புடுங்கு!"

காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. திடீரென்று குழந்தை வீறிட்டது.

"தூக்கிட்டேன்டா. வேர்த்துக் கொட்டுது, முதுகெல்லாம் நனஞ்சு கெடக்குது. தோல்ல ஒண்ணுமில்ல." மெத்தையைப் புரட்டும் சத்தம் கேட்டது. "மெத்தைக்கு அடித்துணி கருகியிருக்குதுடா தரணி."

தரணி போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

நாளை: காலையில் முதல் வேலையாக மெத்தையைக் கேத்தியிலிருந்து எடுத்து வந்து, பிரித்து, பெனிஸ் சாரிடம் காட்டுவது. தொட்டிலுக்குக் கம்பளி வாங்குவது.